ரசீதுகளைக் கூட்டிய தொகைக்கு யாரும் கார் வாங்க மாட்டார்கள்

பாகங்களாக வாங்கிச் சொந்தக் கையால் இணைத்துப் பூட்டிய கிட் ஸ்போர்ட்ஸ் காரை விற்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புலம்பலைத்தான் கேட்கலாம். பாகங்களுக்குப் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை, நான்கு வருட உழைப்புக்கு ஒரு காசு மதிப்பில்லை என்பார்கள். போன மாதம் என் காரை விற்றபோது எனக்கும் அதுவே நடந்தது. இருந்தும், கிடைத்த விலை நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். இதைச் சொன்ன நாள் முதல், இதே பித்துப் பிடித்த நண்பர்கள் இருவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தொழிற்சாலையில் உருவான கார் என்றால், அதே மாதிரியில் பல்லாயிரம் வண்டிகள் ஏற்கெனவே ஓடித் தேய்ந்து, எந்தப் பாகம் எப்போது கழுத்தறுக்கும் என்பது ஊரறிந்த செய்தியாகியிருக்கும். என் கார் உலகத்திலேயே ஒன்றுதான். அதன் பின் அச்சைத் தாங்கும் போல்ட்டுகளை முடுக்கியவன் நான். அன்று எனக்குத் தூக்கக் கலக்கமா, அவசரமா, சரியான அளவு போல்ட் கிடைக்காமல் இருந்ததை வைத்து ஒப்பேற்றினேனா என்பது எனக்கு மட்டுமே தெரியும். முன்பின் தெரியாத ஒருவனின் ஸ்பேனரை நம்பி மனைவியையோ மகனையோ பக்கத்து இருக்கையில் உட்கார வைக்கப் போகிறவர், அந்தத் துணிச்சலுக்கு ஈடாக விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறு காண எனக்கு முடியவில்லை.

காரை நாமே பூட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கம் பரவியதே சிக்கனத்தால்தான் என்பதால், ரசீதைக் கூட்டிப் பார்க்கும் புத்தி நம்மை விட்டுப் போக மறுக்கிறதோ என்று தோன்றுவதுண்டு. பிரிட்டனில் முழுதாகப் பூட்டி விற்கும் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது, பாகங்களாக விற்றால் அந்த வரி இல்லை. லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அந்தச் சலுகையில்தான் செழித்தது. 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது சலுகையும் போயிற்று. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சலுகை போய் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் மக்கள் பூட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், பூட்டுவதில் உள்ள சுகத்துக்காகத்தான். அந்தச் சுகத்தை நான்கு வருடம் நான் முழுதாக அனுபவித்துவிட்டு, அதற்கான கூலியை அடுத்தவர் தர வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

என்னுடையது செவன் வடிவத்து வண்டி. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த சேசிஸ், பக்கங்களில் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, மூக்கும் மட்கார்டுகளும் ஃபைபர். இத்தகைய வண்டியைப் பராமரிப்பதில் பெரும்பாதி, நாமே செய்த தப்பை நாமே தேடிக் கண்டுபிடிப்பதுதான். இரண்டாம் வருடம் பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரியத் தொடங்கியது. மூன்று வார விடுமுறை நாட்களை அதற்குக் கொடுத்தேன். சுவிட்சை மாற்றினேன், ரிலேயை மாற்றினேன், ஃபியூஸ் பெட்டியையே பிரித்துப் போட்டேன். சாதாரணக் காரில் இரும்பு உடலே எர்த் ஆகிவிடுகிறது. ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். ஒயரை ஒழுங்காக இழுத்திருந்தவன், அதன் முனையைச் சேசிஸ் குழாயில் பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே முடுக்கிவிட்டிருந்தேன். திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகப் போயிருக்கிறது. விரல் நகம் அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில் மறுபடி முடுக்கிக் கொஞ்சம் கிரீஸ் தடவியதோடு வேலை முடிந்தது. பத்து நிமிடம்.

இதைவிடப் பெரிய தலைவலி உதிரிபாகம் வாங்குவது. கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த மாடல்?" என்பது. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு பழைய செடானிலிருந்து, முன் பிரேக் வேறொரு வண்டியிலிருந்து, ரேடியேட்டர் மூன்றாவதிலிருந்து, முகப்பு விளக்குகள் ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து. சேசிஸ் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கணினியிலும் எதையும் தேட முடியாது. வாட்டர் பம்ப் ஒழுகி நடுவழியில் நின்ற அன்று, அது எந்த ஆண்டு எஞ்சினுடையது என்பது எனக்கே மறந்துவிட்டது. மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கிளட்ச் பிளேட் முதல் வைப்பர் ரப்பர் வரை எது எந்த வண்டியின் பாகம், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முடுக்கு, எந்தக் கலர் ஒயர் எங்கே போகிறது என்று எழுத ஆரம்பித்தேன். முதல் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டிய காரியம் அது.

இவை அதிகம் ஓடாத வண்டிகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. டயரின் பட்டன் தேயாமலேயே ரப்பர் கட்டையாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் அது தயாரான வாரமும் ஆண்டும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். அலுமினியமும் இரும்பும் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாக உதிரும். என் வண்டியின் தரைத் தகட்டு ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அப்படி ஆகியிருந்தது.

விற்பனை அறிவிப்பில் அந்த ஒரு சாண் அரிப்பைத்தான் முதலில் எழுதினேன். குறையை முதலில் சொன்னால் யார் வருவார்கள் என்று நண்பர்கள் சிரித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் கேட்டதெல்லாம் எவ்வளவு வேகம் போகும் என்பது மட்டுமே. இரண்டாமவர் கனத்த பூட்ஸோடு உள்ளே இறங்கி, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரே காலால் மிதித்து எஞ்சினை அலற விட்டார். பெடல்கள் அவ்வளவு நெருக்கம், நான் மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணி போட்டுத்தான் ஓட்டுவேன். என் கால் நீளத்துக்கு அளவெடுத்துப் போல்ட் போட்ட இருக்கையில் அவருடைய முழங்கால் ஸ்டீயரிங்கை இடித்தது. தனக்கென்றே அளவெடுத்துக் கட்டுகிறவன், பின்னால் ஒருவருக்கு விற்க வேண்டியிருக்கும் என்பதை நினைப்பதே இல்லை.

மூன்றாமவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லவே இல்லை. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, அரை மணி நேரம் வெல்டிங் தையல்களையும், போல்ட் தலைகளில் நான் பெயின்ட்டால் போட்டிருந்த கோடுகளையும் பார்த்தார். போல்ட் தளர்ந்து சுற்றினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பிறகு தகடு மூடும் முன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன, ஆனால் பின்பகுதிக்கு இல்லை. அதற்கென்று ஒரு தொகையைக் குறைத்தார், நான் மறுக்கவில்லை. வண்டியைப் பிரித்து எஞ்சினையும் சக்கரங்களையும் தனித்தனியாக விற்றிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பணம் கைமாறியதும் அவர் சாவிக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. சில போல்ட்டுகளில் மஞ்சள் கோடு மட்டும் இருக்கிறது, சிலவற்றில் மஞ்சளோடு பச்சையும் இருக்கிறது, என்ன வித்தியாசம் என்று கேட்டார். மஞ்சள் முதல் முடுக்கு, பச்சை சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப முடுக்கியது. நோட்டில் அதை எழுத மறந்திருந்தேன். அப்படியானால் பச்சை இல்லாத ஏழு போல்ட்டுகள் இருக்கின்றன என்றார். எவை என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முடுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.