ஜடை பின்னியதற்குக் கைது

டாலஸில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு அங்கே ஒரு சின்னக் கடை போடும் ஆசை. போன வாரம் போனில் பேசும்போது, "த்ரெட்டிங் மட்டும் செஞ்சா இங்க லைசென்ஸ் வேணாம்க்கா, முன்னாடிதான் வேணுமாம்" என்றாள். நானும் பழைய வண்ணாரப்பேட்டையில் 11 வருஷமாக பார்லர் நடத்துகிறேன். அந்த "முன்னாடி"யில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க உட்கார்ந்தவள், கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரைப் பத்து நிமிஷம் காக்க வைத்துவிட்டேன்.

டாலஸ் இருக்கிற அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புருவத்தை நூலால் எடுப்பதற்கு 750 மணி நேரம் அழகுக்கலைப் படிப்பு படித்திருக்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்று வைத்தாலும் 125 நாள். கையில் என்ன பொருள்? ஒரு நூல்கண்டு, கொஞ்சம் பவுடர். அஷிஷ் படேல் என்பவரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டு, 2015 ஜூனில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. அந்த 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரைக்கும் நூலுக்குச் சம்பந்தமே இல்லாத பாடமாம்.

அதைவிட என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஜடைக் கதை. அதே டாலஸில் ஐசிஸ் பிராண்ட்லி என்ற கறுப்பினப் பெண்மணி, ஆப்பிரிக்க வகைப் பின்னல் போடுகிறவர். 1997-ல் லைசென்ஸ் இல்லாமல் பின்னினார் என்று கைது செய்திருக்கிறார்கள். ஜடை பின்னியதற்கு! அப்புறம் அவர் மற்றவர்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்கப் போனால், பள்ளிக்கூடம் 2,000 சதுர அடி இருக்க வேண்டும், 10 நாற்காலி வேண்டும், 5 சிங்க் வேண்டும் என்று சட்டம் நின்றது. பின்னல் போடுகிறவர் தலை அலசிவிடவே கூடாது என்பதும் அதே சட்டம்தான். பிறகு எதற்கு 5 சிங்க், பாத்திரம் கழுவவா? 2015 ஜனவரியில் நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. அந்த ஜூனிலேயே சட்டமன்றம் பின்னலுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டது.

என் கடை மொத்தமே 180 சதுர அடி. சிங்க் ஒன்று. அதிலும் மெட்ரோ தண்ணீர் வராத நாளில் குடம்தான்.

படிக்கும்போது காசிமேட்டில் இருக்கும் எங்கள் அத்தை ஞாபகம்தான் வந்தது. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் எங்கள் பக்கத்தில் பூ ஜடைக்கு அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். சவுரி வைத்து இறுக்கிப் பின்னிவிட்டு, மல்லி மொட்டை ஊசியில் கோத்து ஜடையின் மேலேயே தைத்துக்கொண்டு வருவார். ஊசிமுனை ஒருமுறைகூடப் பெண்ணின் முதுகுப் பக்கம் திரும்பாது. கடைசியில் குஞ்சலம் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம். அத்தை படித்தது மூணாவது. டாலஸில் இருந்திருந்தால் அத்தையையும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள்.

அதனால் லைசென்ஸே ஒழிக என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். சொல்ல வந்தது வேறு.

நம் ஊரில் கதை நேர் தலைகீழ். நான் கடை திறக்கும்போது மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், சொத்து வரி ரசீது கேட்டார்கள். கடையைப் பற்றி எல்லாம் கேட்டார்கள். என் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிண்ணத்தில் எந்த கெமிக்கலைக் கலக்குகிறேன், எத்தனை நிமிஷம் வைக்கிறேன், அது யாருக்கும் தேவைப்படவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரிப் பெண் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். வேறொரு பார்லரில் முடியை நேராக்கியிருக்கிறாள். கிரீமைப் போட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்களாம். உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து, ஓரத்தில் தேன் மாதிரி நீர் கோத்திருந்தது. நான் கை வைக்கவில்லை, தோல் டாக்டரிடம் போகச் சொன்னேன். அந்தக் கிரீம் முடியின் உள்கட்டையே உடைத்து மாற்றுகிற மருந்து. முடியை நேராக்கப் போடுகிற சில கெரட்டின் சரக்குகளில் சூடான இஸ்திரி பட்டவுடன் ஃபார்மால்டிஹைட் புகை கிளம்பும், வேலை செய்கிற பெண்ணுக்குத்தான் முதல் கண் எரிச்சல். ஹேர் டை டப்பாவில், தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று 48 மணி நேரம் முன்பே கொஞ்சம் தடவிப் பாருங்கள் என்று அச்சடித்தே இருக்கும். பொடி எழுத்தில்.

நூலுக்கும் ஜடைக்கும் லைசென்ஸ் வேண்டாம், அந்தக் கிண்ணத்துக்கு வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

ஆனால் அந்த லைசென்ஸ் எந்த உருவத்தில் வரும் என்பதில்தான் என் பயம். இத்தனை மணி நேரம் வகுப்பு, இன்ன அகாடமி சான்றிதழ் என்று வந்தால், அகாடமிக்காரர்களுக்குத் தீபாவளி. காசு கட்ட முடிந்த பெண்ணுக்குச் சான்றிதழ். 20 வருஷம் வேலை பார்த்த கொருக்குப்பேட்டை அக்கா ஒரே நாளில் போலி. என் வீட்டுக்காரரைக் கேட்டால், "லைசென்ஸ்னா இன்னொரு கவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

வழி தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. என் தம்பி ஒயரிங் வேலைக்காரன். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதினான். 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் 5 வருஷமாவது அனுபவம் வேண்டும். செய்த வேலையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற தேர்வு அது. கரண்ட்டுக்கு அப்படி ஒன்று வைக்க முடிகிற மாநிலத்தில், தலையில் ஊற்றுகிற கெமிக்கலுக்கு அரை நாள் செய்முறைத் தேர்வு வைக்க முடியாதா? தமிழில், கையால் செய்து காட்டுகிற மாதிரி.

அப்படி வைத்தாலும் அது ஊர் விட்டு ஊர் போனால் செல்ல வேண்டும். கல்யாணமாகி வேறு மாநிலத்துக்குப் போகிற பெண்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அமெரிக்காவில் அரிசோனா 2019-ல், வேறு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸையும் பெரும்பாலான தொழில்களுக்கு ஏற்றுக்கொள்வதாக முதலில் சட்டம் போட்டது, பிறகு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்னால் வந்தன. நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் காஷ்மீர் வரைக்கும் செல்லுகிறதே, அந்த மாதிரி.

இதை நேற்று ராத்திரி அத்தையிடம் போனில் சொன்னேன். ஜடை பின்னியதற்குக் கைதா என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். அப்புறம், "அந்தம்மா பின்னல் நல்லா இருக்குமா, போட்டோ இருந்தா அனுப்பு" என்றார். அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு வளைகாப்பு, அதில் ஏதாவது புதுப் பின்னல் கிளம்பினால் ஆச்சரியமில்லை.

சரி, பெண்களே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். கடைசியாக நீங்கள் டை அடித்த பார்லரில், முன்கூட்டியே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்தார்களா?