பட்டோல் பாபுவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சத்யஜித் ரேயின் பட்டோல் பாபு சிறுகதையைப் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு அங்கே ஒருவர் சொன்ன அந்த வாக்கியம் நினைவிருக்கும்: "பட்டோல் பாபு பிழைக்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான் கதை." அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்யஜித் ரேயின் அந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள். குட்டையான, வழுக்கைத் தலை மனிதர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். யுத்த கால ஆட்குறைப்பில் கம்பெனி வேலை போயிற்று. கடை வைத்தார், மூட வேண்டியதாயிற்று. இன்ஷூரன்ஸ் பிடித்துப் பார்த்தார். கடைசியில் பழைய இரும்பு விற்கும் ஓர் இடத்துக்கு நடையாய் நடக்கிறார். ஒரு காலத்தில் மேடையில் பெயர் வாங்கிய நடிகர். அவருக்குத் திடீரென்று சினிமாவில் வேடம் கிடைக்கிறது. வசனம் எங்கே என்று கேட்டால் ஒரு தாளில் எழுதித் தருகிறார்கள். "ஆ!" அந்த ஒரே எழுத்து. ஓடிவரும் கதாநாயகன் மேல் மோதிக்கொள்ளும் வழிப்போக்கன், அதுதான் வேடம்.

அவமானத்தில் கூனிப்போகிறவர், தன் நாடகக் குரு கோகோன் பாக்ராஷி சொன்னதை நினைத்துக்கொள்கிறார். எந்த வேடமும் சிறியதில்லை, ஒவ்வொரு சொல்லும் ஒரு பழம், சாற்றைப் பிழியத் தெரிய வேண்டும். பிறகு தெருவோரம் தனியாக நின்று அந்த "ஆ"வை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்க்கிறார்! கையில் ஒரு செய்தித்தாள் இருந்தால் இயல்பாக இருக்கும் என்று அவரே கேட்டு வாங்குகிறார். வலி எவ்வளவு, வியப்பு எவ்வளவு என்று மனதுக்குள் அளந்து வைக்கிறார். காட்சி முடிகிறது. கூலி கொடுக்க வருகிறவர் தேடும்போது ஆள் அங்கே இல்லை.

இவர் கதாநாயகன் இல்லையென்றால் யார்? இதே ரே 1965இல் ஃபெலுதாவைக் கொண்டுவந்தார். புத்திசாலி, துப்பறிபவர், எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் ஃபெலுதாவாக இருக்க அசாத்திய மூளை வேண்டும். பட்டோல் பாபுவாக இருக்க, யாரும் கவனிக்காத இடத்திலும் வேலையைச் சரியாகச் செய்யும் மனம் வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

வறுமையை அழகாக்குகிறேன் என்பீர்கள். உழைத்தவனுக்குக் கூலி வர வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவரை யாரும் ஏமாற்றவில்லையே. பணத்தேவை இருந்தும் அவராகவே எழுந்து போகிறார். அந்த உரிமைகூட ஏழைக்குக் கிடையாதா? சிறுவர் பத்திரிகைக் கதைக்கு இவ்வளவு அலசலா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்தில் மெய்யின் புள்ளி அடிக்கடி உடைந்துபோகும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் "அன்பு" என்பது "அனபு" என்று விழுந்திருந்தது. பாதி அச்சாகிவிட்டது, யாரும் பார்க்கப் போவதில்லை என்றார் முதலாளி. அப்பா இயந்திரத்தை நிறுத்தி, எழுத்தை மாற்றி, மீண்டும் முதலிலிருந்து ஓட்டினார். வீணான தாளுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று வீட்டில் உறவினர்கள் எல்லோரும் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? பிழைக்கத் தெரியாதவன். எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா பதில் பேசாமல் கையிலிருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதையை விட்டு எங்கோ போய்விட்டேன் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கதாபாத்திரத்தைத்தானே சொன்னோம் என்று நேற்று ஒரு நண்பர் தொலைபேசியில் சமாதானம் சொன்னார். இதே வார்த்தையை உயிரோடு இருந்த ஒரு மனிதர் மேல் சொல்லிக் கேட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களில் மூன்று பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அப்பா கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள்.