பெஞ்சைத் திருப்பிப் போட்டது ஓய்வெடுக்க அல்ல

மொரீஷியஸில் நான் தமிழ் எடுக்கும் வகுப்பில், செவ்வாய்க்கிழமை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பேசவிட்டிருந்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் வகுப்பு வாசலில் நின்றபடி, உள்ளே ஒரு அடிகூட வைக்காமல், "இது கிளாஸா, சந்தையா?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டது வலித்தது. அதைவிட வலித்தது அடுத்து வந்த பேச்சு: "பிள்ளைகளைப் பேசவிட்டுட்டு மிஸ் சும்மா நிக்கிறாங்க." பெஞ்சுகளை அப்போதே வரிசையாகப் போடச் சொன்னார். 24 பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். போட்டோம்.

நான் சும்மா நிற்கவில்லை. முந்தின இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து தைப்பூசக் காவடிப் பாடத்தை நான்காகப் பிரித்தேன். விரதம் ஒன்று, காவடி கட்டுவது ஒன்று, ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை நடப்பது ஒன்று, செம்பில் கொண்டு போகும் பால் ஒன்று. நாலு பேராக ஆறு குழு. குழுவில் ஆளுக்கு ஒரு பகுதி, மற்ற மூன்றும் கையில் கிடையாது. ஒரே பகுதி கிடைத்த ஆறு பேரும் முதலில் ஒன்றாகக் கூடி அதைப் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் தன் குழுவுக்குத் திரும்பி, மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைசியில் தேர்வைத் தனித்தனியாக எழுத வேண்டும்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை, நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது, ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அதற்காக உண்டாக்கிய முறை இது. துண்டுகளைச் சேர்க்கும் புதிரின் பெயரால் ஜிக்சா என்பார்கள். பக்கத்துப் பிள்ளை வாய் திறக்காவிட்டால் எனக்குப் பாடத்தில் கால்வாசி கிடைக்காது. அதனால் அவன் பேசுவதை நான் கேட்டே ஆக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அதைத்தான் அன்று கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனுக்கு ஆற்றங்கரைப் பகுதி. ஏழாம் கிரேடு வந்ததிலிருந்து தமிழ் வகுப்பில் தானாக ஒரு வாக்கியம் பேசாத பிள்ளை. காகிதத்தை அவன் பிடித்த பிடியில் கட்டைவிரல் வியர்வை பட்டுப் பென்சில் எழுத்து கலைந்தது. முதல் வரியில் தடுமாறினான். போன மாதம் அவன் வாசித்ததைக் கேட்டுச் சிரித்த பெண் எதிரே இருந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "தூஸ்மான், தூஸ்மான்" என்று கிரியோல் மொழியில் சொன்னாள். உடனே "மெதுவா சொல்லு, நான் எழுதணும்" என்று தமிழுக்கு மாறினாள். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அந்த நேரத்தில்தான் வாசலில் குரல் கேட்டது.

கணக்கும் போட்டுச் சொல்கிறேன். 35 நிமிடப் பீரியட், 24 பிள்ளைகள். நான் வாயே திறக்காமல் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவிட்டாலும் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் கிரியோல், பாடப் புத்தகத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு. தேவாரத்தையே ரோமன் எழுத்தில் வைத்துத்தான் நம்மில் பலர் பாடுகிறோம். நானே அப்படி வளர்ந்தவள். பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை அழகான கையெழுத்தில் எழுதி, நல்ல மார்க் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் "பசிக்குது" என்று தமிழில் சொல்லத் தெரியவில்லை. பாட்டி போன பிறகுதான், மோக்கா ஊரில் படித்த நாட்களில், பஸ்ஸில் தோழிகளோடு தப்பும் தவறுமாகப் பேசிப் பேசி எனக்கு நாக்கு திரும்பியது. பாட்டியோடு பேச வேண்டிய பேச்சு அத்தனையும் போச்சு.

"கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வேலை செய்யும், மற்றவை ஒட்டிக்கொள்ளும்" என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. சும்மா நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்து ஒரு சார்ட் பேப்பரைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். அது குழுவாக உட்காருவது, கூடிக் கற்பது வேறு. டேவிட், ராஜர் ஜான்சன் என்ற கல்வி ஆய்வாளர் சகோதரர்கள் கூடிக் கற்பதற்குச் சொன்ன ஐந்து அடிப்படைகளில், ஒருவரையொருவர் நம்பி நிற்பதும், ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதும் சேர்ந்தே வருகின்றன. அதனால்தான் தேர்வைத் தனித்தனியாக வைக்கிறேன். ராபர்ட் ஸ்லாவின் என்ற இன்னொரு கல்வி ஆய்வாளர் காட்டிய வழியில், பிள்ளை தன் பழைய மார்க்கைவிட எவ்வளவு ஏறியது என்று பார்த்துத்தான் குழுவுக்குப் புள்ளி. 30-லிருந்து 42-க்கு வந்த பிள்ளையும் குழுவைத் தூக்கி நிறுத்தலாம்.

"ஒன்பதாம் கிரேடில் என்சிஇ என்ற தேசியத் தேர்வு இருக்கிறதே, சிலபஸ் எப்போது முடிப்பது?" என்கிறார்கள். முடிக்கிறேன். என் பதிவேட்டைப் பாருங்கள்.

சத்தம் என்றால், ஆமாம், சத்தம் இருந்தது. பெஞ்சை இழுத்த சத்தம் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு, அதற்கு அந்த டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் பிள்ளைகள் பேசிய சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது தமிழ்ச் சத்தம். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பிள்ளைக்குத் தன் சிநேகிதர்கள்தான் உலகம். டீச்சர் என்ன நினைப்பாள் என்பதைவிட அடுத்த பெஞ்ச் என்ன நினைக்கும் என்பதுதான் பெரிது. அந்த அடுத்த பெஞ்சோடு தமிழில் பேச நான் இடம் கொடுத்தால் அது ஓய்வா?

1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளினார்கள் என்று நம் சமூகமே எழுந்து நின்றது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தோம். சரியாகத்தான் செய்தோம். நோட்டில் இருக்கும் எழுத்துக்கு அவ்வளவு துடித்த நாம், அந்த எழுத்தை ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்போது "வாயை மூடு" என்கிறோம். எனக்கு இதுதான் தாங்கவில்லை. என்னைச் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். அந்தப் பையன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மீதியை யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பீரியட் அதே வகுப்பு. பெஞ்சுகளை இழுக்காமல் இரண்டிரண்டு பேராகத் தூக்கி வைக்கப் பிள்ளைகளோடு பேசி வைத்திருக்கிறேன். ஆற்றங்கரையிலிருந்துதான் தொடங்குகிறோம். செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றவருக்கும் ஒரு குழுவில் நாற்காலி போட்டு வைப்பேன். வந்து உட்காரட்டும், அவன் சொல்வதைக் கேட்கட்டும்.