மேக்னா கார்ட்டா எல்லோருக்கும் உரிமை தந்ததா?

“1215-இல் மன்னர் ஜான் மேக்னா கார்ட்டாவில் கையெழுத்திட்டார், அன்றே இங்கிலாந்து மக்கள் எல்லோருக்கும் உரிமை கிடைத்தது” என்றொரு பதிவு பரவுகிறது. இது தவறு. மேக்னா கார்ட்டா என்பது, கலகம் செய்த பிரபுக்களின் நெருக்கடியால் மன்னர் ஏற்ற உரிமைச் சாசனம். கையெழுத்தே இல்லை, அரச முத்திரைதான் வைக்கப்பட்டது. புகழ்பெற்ற 39-ஆம் பிரிவு ‘சுதந்திர மனிதனை’ மட்டுமே காத்தது. நிலத்தோடு கட்டுண்டு உழைத்த பண்ணையடிமைகளை அல்ல.

முக்கியமாக, அந்தச் சாசனம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. 1213-லேயே ஜான் தன் நாட்டைப் போப் மூன்றாம் இன்னசென்ட்டிடம் ஒப்படைத்து, கப்பம் கட்டும் சிற்றரசராகத் திரும்பப் பெற்றிருந்தார். அந்தப் போப்தான் 1215 ஆகஸ்ட் 24-இல் சாசனம் செல்லாது என்று அறிவித்தார். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் இடையே போர் மூண்டது. 1216-இல் ஜான் இறந்ததும், அவருடைய ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் சாசனம் திருத்தி வெளியிடப்பட்டது. இம்முறை போப்பின் தூதரே முத்திரை வைத்தார்! சட்டமாக நிலைத்தது 1225-இன் வடிவம்.