எவ்வளவு என்று கேட்டதற்கு

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றரை நிமிடக் காணொளியாக அது உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள், அவர்களில் இருவர் சொந்தக்காரர்கள். பிலிம்பிக்காய்ச் சாற்றைத் தினமும் வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்புக் கரைந்துவிடும் என்று பேச்சாளர் சொன்னதும், நான் எழுந்து "எவ்வளவு?" என்று கேட்டதும், அவர் சிரித்தபடி "நம்ம பாட்டி மீன்குழம்பில் போடும்போது எந்த எலியிடம் கேட்டாள், டீச்சர்?" என்றதும், அரங்கமே கைதட்டியதும் அதில் இருக்கின்றன. கைதட்டல் அடங்கிய பிறகு நான் சொன்னது மட்டும் இல்லை. வெட்டியவருக்கு நன்றி. நீளமான காணொளியை யார்தான் பார்க்கிறார்கள்?

வெட்டப்பட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். நம் பாட்டி ஒரு சட்டிச் சாளைக் குழம்புக்கு நாலைந்து பிலிம்பிக்காயைக் கீறிப் போட்டாள். அதை வீட்டில் எட்டுப் பேர் சோற்றோடு பிசைந்து உண்டார்கள். ஒரு டம்ளர் சாறு எடுக்க ஒரு குத்துக் காய் வேண்டும், அதை ஒருவரே வெறும் வயிற்றில் குடிக்கிறார். அந்தக் காயின் புளிப்பில் பெரும்பங்கு ஆக்சாலிக் அமிலம். உணவோடு சேரும்போது அதில் ஒரு பகுதி குடலிலேயே சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் அந்தத் தடை குறைவு. இரத்தத்தில் மிகுதியாகக் கலந்தது சிறுநீரகத்தின் நுண்குழல்களில் படிகமாகத் தங்கி அடைத்துக்கொள்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இதே காயை இரும்பன்புளி என்பார்கள். அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றிக் கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளிலிருந்து தொகுக்கப்பட்ட மருத்துவக் கட்டுரை 2013இல் வெளிவந்தது. அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அந்தச் செய்தி சோதனைச்சாவடியைக் கடந்து நம் அரங்குக்குள் வர இத்தனை ஆண்டுகள் போதவில்லை.

நான் அந்தக் காயைப் பழிக்கவில்லை. என் வீட்டுக் கொல்லையிலும் அந்த மரம் நிற்கிறது. நான் கேட்டது ஒரே சொல்: எவ்வளவு?

அன்றிரவே பின்னூட்டங்கள் தொடங்கிவிட்டன. "மருந்துக் கம்பெனியின் கைக்கூலி" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் குளிர்பதனப் பெட்டி பழுதானபோது, செடிச் சாறுகளை ஐஸ்பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினோம்; கூலி வரவேண்டியிருந்தால் அப்போதே வந்திருக்கலாம். அதை விட்டுவிடுகிறேன். விட முடியாதது இன்னொன்று. "ஆசான் குடும்பத்தில் பிறந்து ஆசானின் பெயரைக் கெடுக்க வந்தவள்" என்று எழுதியவருக்கு என்னைத் தெரியும், என் பாட்டாவையும் தெரிந்திருக்கிறது. ஆகவே பாட்டாவைப் பற்றியே பேசுவோம்.

விளவங்கோடு வட்டத்தில் வர்மமும் வைத்தியமும் பார்த்த ஆசான் அவர். அவருடைய மருந்துப் பெட்டிக்குள் ஒரு சிறு தராசும், ஒரு டப்பா நிறையக் குன்றிமணியும் இருந்தன. சிறுமியாக இருந்தபோது நான் ஒரு மணியை வாயில் போட்டுக்கொண்டேன் என்பதற்காக, எங்கள் வீட்டில் யாரையும் அடிக்காத அவர் என் கன்னத்தில் அறைந்தார். விழுங்கிய மணி தோல் உடையாமல் அப்படியே வெளியேறிவிடலாம், ஆனால் கடித்து மென்றால் அதிலுள்ள நஞ்சு ஆளைக் கொல்லும் என்பதை நான் கல்லூரியில் படித்தபோதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். மருந்தை நிறுக்கும் மணியே நஞ்சு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உளுந்தளவு, சுண்டைக்காய் அளவு, குன்றி எடை என்று பழைய வைத்தியச் சுவடிகள் வரிக்கு வரி அளவைச் சொல்லிக்கொண்டே போகின்றன. எந்தப் பாகம், எந்தப் பக்குவம், மருந்தோடு சேர்த்து உண்ண எந்த அனுபானம், எத்தனை நாள் என்பதும் கூடவே வரும். சேராங்கொட்டையையும் எட்டியையும் நாவியையும் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை முறிக்காமல், தொடக்கூடாது என்று விதித்தவர்கள் அவர்கள். நாவிக் கிழங்கை வேகவைக்கும்போது அதன் கொடிய நஞ்சு வீரியம் குறைந்த வேறு பொருளாகச் சிதைகிறது என்று இன்றைய வேதியியல் விளக்குகிறது. அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாமலே பக்குவத்தைக் கண்டுபிடித்தவர்களைச் சோதனையாளர்கள் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அப்படியிருக்க, எவ்வளவு என்று கேட்டவள் மேலைநாட்டுக்காரி, "ஒரு டம்ளர் குடிங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னவர் மரபின் காவலர். நல்ல நியாயம்.

"ஆயிரம் ஆண்டு அனுபவத்தைவிடப் பெரிய சோதனை உண்டா?" என்று கேட்டவருக்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியில் சத்து இருக்கிறது. உடனே கொல்வதை அனுபவம் கண்டுபிடித்துவிடும். அரளியை யாரும் துவையல் அரைப்பதில்லை. மெல்லக் கொல்வதை அனுபவத்தால் பிடிக்க முடியாது. ஆடுதீண்டாப்பாளை என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்தார்கள் நம் முன்னோர். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு சீனச் செடி 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரைகளில் வேறொரு செடிக்குப் பதிலாகக் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்று வந்தது. இன்று தின்ற வேருக்கும் பல ஆண்டு கழித்து வரும் புற்றுக்கும் முடிச்சுப் போட எந்த ஆசானால் முடியும்? அவருடைய அறிவில் குறையில்லை, கண்ணுக்கு எட்டாத தொலைவு அது.

"ஆங்கில மருந்துக்குப் பக்கவிளைவு இல்லையா?" உண்டு. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அச்சிட்டே இருக்கிறது. யாரோ சோதித்ததால்தான் அதை அச்சிட முடிந்தது. "எலியும் மனிதனும் ஒன்றா?" இல்லை. அடுத்த கேள்வி.

சோதனை என்றால் நம் செடியை மட்டம் தட்டுவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நம் வேலியோரத்து நித்தியகல்யாணியை நீரிழிவுக்கு உதவுமா என்று 1950களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஊசியாகச் செலுத்தப்பட்ட எலிகள் வெள்ளணுக்கள் சரிந்து நோய்த்தொற்றால் இறந்தன. அந்தச் சாவுகளை மறைக்காமல் தொடர்ந்து சென்றதால்தான் இரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் மருந்துகள் கிடைத்தன. நஞ்சுதான் மருந்தாயிற்று, அளவு தெரிந்த பிறகு. சீனத்தின் தூ யூயூ, ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்தால் வீரியம் கெடுகிறது என்று உணர்ந்து 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு இறக்கி மலேரியாவுக்கு மருந்து கண்டார். நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தானும் சக ஆய்வாளர்களுமாக அதை உட்கொண்டு பார்த்தார். 2015இல் நோபல் பரிசு பெற்ற அந்த அம்மையாரும் பழஞ்சுவடியிலிருந்து தொடங்கியவர்தான், சுவடியோடு நின்றுவிடவில்லை.

நம் கீழாநெல்லியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், எனக்கு வலித்தாலும். 1988இல் சென்னை ஆய்வாளர்களின் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது: மஞ்சள் காமாலை பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது, வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. மாணவியாக அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. இதை நான் வகுப்பில் சொன்ன ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பிள்ளையின் முகம் வாடும். என் முகமும் ஒருநாள் அப்படித்தான் வாடியது.

இப்போது நான் சொல்ல விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைக் குற்றமற்றவள் என்று நானே நினைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. முதுகலைப் படிப்பில் எங்கள் குழு எருக்கிலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்தது. அதைப் புற்றுச் செல்கள் மீது விட்டோம். செல்லுக்கு உயிரிருந்தால், அதன்மேல் விடும் மஞ்சள் சாயம் ஊதாவாக மாறும். எங்கள் தட்டில் ஊதா வரவில்லை. கைதட்டினோம், ஞாயிற்றுக்கிழமை அரங்கம் கைதட்டியது போலவே. மறுவாரம் நல்ல செல்கள் வளர்ந்த தட்டிலும் அதே சாற்றை விட்டோம். அதிலும் ஊதா வரவில்லை. எருக்கு எல்லாவற்றையும்தான் கொன்றது. ஆனால் முதல் தட்டின் செய்தி அதற்குள் ஒரு நாளிதழில் நான்கு வரியாக வந்துவிட்டிருந்தது, "புற்றுநோய்க்கு எருக்கிலையில் மருந்து" என்ற தலைப்போடு. இரண்டாவது தட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாங்களும் எழுதிக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர், மனைவியின் ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிக் கல்லூரி வாசலுக்கு வந்தார். "எவ்வளவு கொடுக்கணும் பிள்ளே?" என்று அவர் கேட்டார். கொடுக்கவே கூடாது, அது விஷம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பணம் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்து மடியை அவிழ்த்தார். அவர் வீட்டில் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. வழியெங்கும் எருக்கு பூத்துத்தான் நின்றிருக்கும்.

ஆகவே, மேடையிலிருந்து ஒருவர் ஒரு செடியின் பெயரைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விடும்போது நான் எழுந்து நிற்பேன். கைதட்டுங்கள், வெட்டிப் பகிருங்கள், கைக்கூலி என்று எழுதுங்கள். பாட்டாவின் பெயரை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அந்த மேடையில் அவர் இருந்திருந்தால் முதலில் தராசைத்தான் கேட்டிருப்பார்.

நேற்றிரவு அந்தக் காணொளியின் கீழுள்ள பின்னூட்டங்களை, படிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கடைசிவரை படித்தேன். முந்நூற்றுச் சொச்சம் பின்னூட்டங்களுக்கு நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயா, எனக்குச் சர்க்கரையும் உண்டு. நாலு நாளாகக் குடிக்கிறேன். ஒரு டம்ளரா, அரை டம்ளரா?" அதற்குப் பேச்சாளர் பதிலாக ஒரு கும்பிடு படம் போட்டிருந்தார். நான் அதன் கீழே, தயவுசெய்து இன்றே நிறுத்திவிட்டுச் சிறுநீர் குறைகிறதா என்று கவனியுங்கள், நாளைக் காலையே மருத்துவரைப் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். இன்று மதியம்வரை அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.