கெண்டை மீன் பிடிக்கப் போன சிறுவன்

போன வாரம் சித்தி வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் குப்புறப் படுத்து என் மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். முதலில் சிரித்தார். கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. "பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதையா வாங்கிக் கொடுப்பாய்?" என்று கேட்டு, அலமாரியின் மேல்தட்டில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். நாற்காலி போட்டு ஏறி, அதை எடுத்து மறுபடியும் அவள் கையில் கொடுத்தேன். சித்திக்குக் கோபம். பெரியவர் என்பதால் அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். சித்தியும் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் ஜப்பானிய ஓவியர் கெய்ஜி நகசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்' என்ற படக்கதை. ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம். ஜப்பானியர்கள் அந்தப் பெயரைக் 'கென்' என்று சொல்கிறார்கள். மூலம், வேர் என்ற பொருளில் வைத்த பெயர். எரிந்துபோன மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் பையன். பத்துப் பாகங்கள். 1973-ல் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கியது. சித்தி, இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தன்னைப் போன்ற பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நினைத்தே அந்த மனிதர் இதை வரைந்தார்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்தபோது நகசாவாவுக்கு ஆறு வயது. பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பள்ளியின் மதில் அவரை மறைத்துக் காப்பாற்றியது. வீட்டிலிருந்த அப்பாவும் அக்காவும் தம்பியும் இடிபாட்டில் சிக்கி எரிந்துபோனார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியான அம்மாவுக்கு அன்றே பிரசவம் ஆயிற்று. அந்தப் பெண் குழந்தையும் சில மாதங்களில் இறந்தது.

வளர்ந்தபின் அவர் டோக்கியோவுக்குப் போய்ப் படக்கதை ஓவியரானார். குண்டைப் பற்றி ஒரு கோடுகூட வரையவில்லை. ஹிரோஷிமாக்காரர் என்று தெரிந்தால் மற்றவர்கள் ஒதுங்கிப்போன காலம் அது. 1966-ல் அம்மா இறந்தார். நம் ஊரில் காடாற்றுக்குப் போய் எலும்பு பொறுக்குவதுபோல, அங்கும் தகனத்துக்குப் பிறகு எலும்பைப் பொறுக்கிக் கலசத்தில் வைப்பார்கள். நகசாவா போய்ப் பார்த்தபோது எலும்பே இல்லை. வெறும் சாம்பல். இருபது ஆண்டுகளாகக் கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்காமல் தின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். அந்த ஆத்திரத்தில்தான் பேனாவை எடுத்தார். முதலில், குண்டு வெடித்தபின் பெய்த கறுப்பு மழையைப் பற்றிய சிறுகதை ஒன்றை வரைந்தார். அது 1968-ல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்துக் கென் பிறந்தான்.

நான் இந்தப் புத்தகத்துக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் வளர்ந்தவள் நான். என் தாய்மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வரும்போது கழிவுத்தாள் கட்டு ஒன்று கொண்டுவருவார். காலண்டர், தீப்பெட்டி லேபிள் இவற்றோடு சில சமயம் காமிக்ஸ் தாள்களும் இருக்கும். மடிக்காத, வெட்டாத பெரிய தாள். அதில் மூன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினான்காம் பக்கம் இருக்கும். அதற்கு மேல் ஒரு பக்கம் தலைகீழாக இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி மின்சாரக் கம்பியைத் தொடுவார், மறைவார், அடுத்த பக்கத்தில் வேறொரு நகரத்தில் இருப்பார். இடையில் உள்ள பத்துப் பக்கங்களை நானும் அண்ணனும் சண்டை போட்டுக்கொண்டே உண்டாக்குவோம். பிறகு முழுப் புத்தகம் கைக்குக் கிடைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எங்கள் பத்துப் பக்கங்களே மேலாக இருந்தன.

மாயாவி பிறந்த இடம் இங்கிலாந்து. 1962-ல் 'வேலியண்ட்' இதழில் வந்த கதை அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்து நம் வீடுகளுக்குள் நுழைந்தார். பிளாஸ்கோவின் கறுப்பு மையில் இருட்டுக்கு ஓர் எடை இருந்தது. வார்த்தை தெரியாத வயதிலும் அந்த இருட்டை நான் படித்தேன். படம் பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்று இன்றும் சொல்கிறவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது. ஆறாம் வகுப்பில் என் பையிலிருந்து ஒரு காமிக்ஸை எடுத்து வகுப்பின் நடுவே கிழித்துப்போட்ட ஆசிரியை, "படிக்கிற பிள்ளை படம் பார்க்காது" என்றார். கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒட்டிப் படித்தேன்.

அந்தக் கழிவுத்தாள்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பிறகுதான் உணர்ந்தேன். காமிக்ஸ் நடப்பது கட்டத்துக்குள் அல்ல. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில். ஒரு கட்டத்தில் கை ஓங்குகிறது. அடுத்த கட்டத்தில் ஆள் விழுந்து கிடக்கிறான். அடியை ஓவியர் வரையவில்லை, படிக்கிறவள் அடித்தாள். சினிமாவில் அது என் கண் முன்னே தானாக ஓடி முடிந்துவிடும். நாவலில் எழுத்தாளர் சொல்லிவிடுவார். காமிக்ஸில் என் பங்கு இல்லாமல் எதுவுமே நடக்காது. பக்கத்தைத் திருப்புவதும் என் கைதான். திருப்பாமல் அந்தக் கட்டத்தையே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சிறு வயதில் அந்த வெள்ளைக் கோட்டில் எனக்கு இருந்ததெல்லாம் உற்சாகம். குண்டு வெடித்தால் பெரிய நட்சத்திர வடிவம், அதற்குள் கொட்டை எழுத்தில் ஒரு சத்தம். அடுத்த கட்டத்தில் நாயகன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். துப்பாக்கி 'டுமீல்' என்றால் விழுகிறவனுக்கு அம்மா அப்பா இருந்ததாக நான் நினைத்ததே இல்லை. முப்பத்து மூன்றாம் வயதில் கென்னின் முதல் பாகத்தைப் படித்தபோது, அதே பழக்கத்தோடுதான் கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவினேன்.

முதலில் எல்லாம் பழகிய உலகமாகவே இருக்கும். உருண்டைக் கண்கள். ஒருவரையொருவர் மொத்திக்கொள்ளும் பிள்ளைகள். அருவியாகக் கொட்டும் கண்ணீர். மரக்காலணிகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைக்கும் அப்பா போரை எதிர்க்கிறார்; அதனால் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போகிறது, அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பத்தை நாட்டுத் துரோகிகள் என்று ஏசுகிறார்கள். அன்போடு இருப்பவர் பக்கத்து வீட்டுக் கொரியர் பாக் ஒருவர்தான். எப்போதும் பசி. அம்மாவோ பிள்ளைத்தாய்ச்சி; சத்தான சாப்பாடு இல்லை. கென்னும் தம்பி ஷின்ஜியும் ஒரு பணக்கார வீட்டுக் குளத்தில் இறங்கி அம்மாவுக்காகக் கெண்டை மீன் பிடிக்கப் போகிறார்கள். இப்படி இருநூறு பக்கத்துக்கு மேல் அந்த வீட்டில் நம்மைக் குடிவைக்கிறார் நகசாவா. யார் எப்படிச் சிரிப்பார்கள், யார் எதற்கு அடம்பிடிப்பார்கள் என்பதெல்லாம் நமக்குப் பழகிவிடுகிறது.

பிறகு அந்தக் காலை. அதே பேனா, அதே கோடு. உருண்டைக் கண் போட்ட கை, தோல் உரிந்து தொங்கும் மனிதர்களையும் வரைகிறது. கென் வீட்டுக்கு ஓடுகிறான். மூன்று பேர் உத்தரத்தின் அடியில். அம்மா வெளியே. தீ வருகிறது. கென் உத்தரத்தைத் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அடுத்த கட்டத்திலும் முடியவில்லை. தீ இன்னும் கொஞ்சம் அருகில். கட்டத்துக்குக் கட்டம் நான்தான் அந்தத் தீயை அருகில் கொண்டுவருகிறேன் என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பாமல் இருந்தால் அவர்கள் உயிரோடு இருப்பார்கள். எழுதுவதற்கே கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்: புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் ஷின்ஜி உயிரோடு இருந்தான்.

நாஜிகளின் வதைமுகாமிலிருந்து பிழைத்த தந்தையின் கதையை எலிகளாகவும் பூனைகளாகவும் வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேன், 'மௌஸ்' வேலையைத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு கென்னைப் படித்ததாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது ஒரு கூட்டாளி கிடைத்ததுபோல் இருந்தது. 1992-ல் 'மௌஸ்'க்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதன்பிறகே பலரும் 'கிராஃபிக் நாவல்' என்ற சொல்லை மரியாதையோடு சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. காமிக்ஸ் என்றே சொல்கிறேன். மாயாவியும் கென்னும் ஒரே அலமாரியில்தான் இருக்கிறார்கள். அந்தப் பரிசு பெற்ற 'மௌஸ்' நூலையே 2022-ல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு மாவட்டக் கல்விக் குழு, கெட்ட வார்த்தைகளையும் ஒரு நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டிப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

கென்னுக்கு நடந்தது இதைவிட வேதனையானது, ஏனென்றால் அது அவன் நாட்டிலேயே நடந்தது. ஜப்பானின் மட்சுஎ நகரில் இந்த நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒருவர் நகரசபைக்கு மனுப் போட்டார். சபை அதை ஏற்கவில்லை. ஆனால் கல்வி வாரிய அலுவலகம் தானாகவே, 2012 டிசம்பரில், பிள்ளைகள் கேட்காமல் எடுக்க முடியாத இடத்தில் வைக்கும்படி தலைமையாசிரியர்களிடம் சொல்லிவிட்டது. சித்தியின் மேல்தட்டு போலத்தான். அவர்களைச் சங்கடப்படுத்தியவை அமெரிக்கக் குண்டின் படங்கள் அல்ல. பிந்தைய பாகங்களில் வரும், ஜப்பானியப் படையினர் ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகளின் படங்கள். அதே மாதம்தான் நகசாவா இறந்தார். செய்தி வெளியே வந்து எதிர்ப்பு எழுந்தபின், 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது.

பத்து ஆண்டு கழித்து ஹிரோஷிமாவே கைவைத்தது. நகரப் பள்ளிகளின் அமைதிக் கல்விப் பாடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கென் கதையின் சில பகுதிகள் இருந்தன. 2023-ல் கல்வி வாரியம் அவற்றை எடுத்துவிட முடிவு செய்தது. அவர்கள் சுட்டிய காட்சிகளில் ஒன்று என்ன தெரியுமா? அந்தக் கெண்டை மீன். அடுத்தவர் குளத்தில் மீன் திருடுவது பிள்ளைகளுக்குத் தவறான எண்ணம் தரலாமாம். விளக்கிச் சொல்ல நிறைய நேரம் ஆகுமாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும் அம்மாவுக்கு மீன் கிடைக்காத நாட்டில்தான் போர் நடந்தது. அதை விளக்க நேரம் ஆகும்தான். அந்த நேரத்தைச் செலவழிப்பதற்குப் பெயர்தானே கல்வி?

சித்தி கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மகள் அழுதாள். இரண்டு இரவு என் பக்கத்தில் வந்து படுத்தாள். பத்துப் பாகங்களையும் ஒரே நாளில் அவள் முன்னால் கொட்டவும் இல்லை. முதல் பாகம் மட்டும். அதுவும் நான் வீட்டில் இருக்கும் நேரத்தில். மட்சுஎ அலுவலகம் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வேறுபாடு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர்கள் அலமாரியை அடைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. பதில் தெரியாதபோது தெரியாது என்று சொன்னேன். அப்பாவும் அக்காவும் தம்பியும் எரியும் பக்கத்தில் அவள் என்னைப் போலப் புத்தகத்தை மூடவில்லை. கையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, கீழே உள்ள கட்டத்தைப் படித்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எவ்வளவு தாங்க முடியும் என்பதை அவளே அளந்தாள். காமிக்ஸ் அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. தொலைக்காட்சியில் இரவுச் செய்திக்கு நடுவே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து விழும் பிணங்கள் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்டதில்லை, சித்தி.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒன்று கேட்டாள்: "இவர் ஏன் அம்மா அடிக்கடி சூரியனை மட்டும் தனியாக வரைகிறார்?" நான் மூன்று முறை படித்த புத்தகம் அது. கதையின் அவசரத்தில் சூரியன்களைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து முதலிலிருந்து தேடினோம். பொழுது விடியும்போது ஒன்று, பசியோடு வேலை செய்யும்போது ஒன்று, அடி வாங்கிவிட்டு வரும்போது ஒன்று. வட்டமாக, வெறும் வட்டமாக, யாருக்கும் எதுவும் சொல்லாமல். குண்டு விழுந்த பிறகு வரும் சூரியனைக் கண்டதும் அவள் "இதுவும் அதே சூரியன்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தன் நோட்டில் ஆறு கட்டம் போட்டு ஏதோ வரையத் தொடங்கினாள். இன்னும் எனக்குக் காட்டவில்லை.

சித்தி அடுத்த மாதம் கோவில் கொடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது வெறுமனே புரட்டிப் பார்க்காமல், இவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வயலில் தொடங்குகிறது. அப்பா, மிதிபட்டாலும் நிமிர்ந்து வளரும் கோதுமையைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார். ஆங்கிலம் புரியாத இடத்தில் பேத்தி படித்துச் சொல்வாள். இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.