மாட்டின் பல்லைப் பார்த்துவிட்டே கொடுங்கள்

எங்கள் அலுவலகத்தில் ஓரங்கட்டிய பழைய கணினிகளைச் சேலத்தில் வீடற்றோர் தங்கும் இரவுக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, "படுக்க இடமில்லாதவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு, போன் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

அந்தப் போன்தான் கையில் தங்குவதில்லை. பேருந்து நிலையத்து ஓரத்தில் தூங்குகிறவரின் தலைமாட்டிலிருந்து முதலில் களவு போவது அதுதான். போனோடு எண்ணும் போகிறது. ஆதாரின் ஓடிபியும் வங்கியின் குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், ஒரே இரவில் மனிதர் எல்லாக் கதவுகளுக்கும் வெளியே நிற்கிறார். கைரேகை வைத்துப் புதிய எண்ணைப் பதிந்த பிறகும் ஓய்வூதியம், குடும்ப அட்டை என ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தாள்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். காப்பகத்தில் தங்குவோருக்கு அடையாள அட்டை, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு ஆகியவை கிடைக்க உதவ வேண்டும் என்று 2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிமுறைகளே சொல்லியிருந்தன. அப்படியிருக்க, பாயையும் குடிநீரையும் போலக் கணினியும் அங்கே ஒரு தட்டுமுட்டுச் சாமான்தான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கொடுக்கிறவர் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். தெரிந்தவர்களிடமிருந்து எங்களுக்கு வந்த ஆறு கணினிகளில் இரண்டுக்குச் சார்ஜரே இல்லை. ஒன்றில் முன்னாள் உரிமையாளரின் வருமான வரிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் அப்படியே இருந்தன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத நல்ல கணினிகள் பல அலுவலகங்களில் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். நாங்கள் தேற்றிய மூன்று கணினிகளின் விசைகளில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறைக்கான எழுத்து ஒட்டிகளையும் ஒட்டிக் கொடுத்தோம். செலவில் மிகச் சிறியது அதுதான், பயனில் மிகப் பெரியதும் அதுதான்.

இவற்றைவிட அரிதாகக் கிடைப்பது, பக்கத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்காரும் ஆள். சனிக்கிழமை மாலைகளில் நான் போகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்த பெரியவர் ஒருவர், ஓய்வூதிய விண்ணப்பம் முடிந்ததும், வாழப்பாடிப் பக்கம் இருக்கும் தம் ஊரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். செயற்கைக்கோள் படத்தில் தெருவைக் கண்டுபிடித்து, திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ஓட்டைப் பிரிச்சிட்டு தளம் போட்டுட்டாங்க" என்றார். அணைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் எனக்கு முன்பே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்குக் கடிதம் அடிக்க வேண்டுமாம். பட்டறையில் கம்பி வளைத்த ஆள்காட்டி விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, விலாசத்தை மட்டும் அஞ்சல் குறியீட்டோடு முழுதாக அடித்து முடித்தார். உள்ளே என்ன எழுதுவது என்று வரும் சனிக்கிழமைக்குள் யோசித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.